தனித்தட்டு

திருச்சி
14-10-1975

அன்புள்ள உங்களுக்கு, பாமா அநேக நமஸ்காரம். இங்கே அம்மாவும் நானும் சௌக்கியம். ஜெர்மனியில், உங்கள் ஆஹெனில் குளிர் தொடங்கிவிட்டது என்று எழுதியிருந்தீர்கள். மார்பில் சளி கட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு மாதமாகக் கடிதம் இல்லையே என்று கோபித்துக்கொண்டிருக்கிறீர்கள். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆள் குறைவு. வத்சலா பிரசவ லீவில் போய்விட்டாள். அவளுடைய போர்டையும் சேர்த்து நானே பார்க்க வேண்டியதாகிவிட்டது. நாள் முழுக்க ஊராருக்கு டிரங்க் கால் போட்டுக் கொடுத்துவிட்டு, சொந்தப் புருஷனுக்கு நாலு வரி எழுத முடியாத பிழைப்பாக இருக்கிறது. மன்னித்தேன் என்று உடனே எழுதிவிடுங்கள்.

உங்கள் அம்மா என்னைக் கவனிக்கிற கவனிப்பைச் சொல்லி முடியாது. கல்யாணமாகி நான்கு மாதமாகியும் மாமியாரைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றும் கிடைக்காத மருமகள் இந்த ஊரிலேயே நான் ஒருத்திதான். என்ன, எண்ணெய்ப் பதார்த்தத்தை மட்டும் கண்ணில் காட்ட மாட்டேன் என்கிறார். காலையில் மோர் சாதம், மத்தியானம் மோர் சாதம். கேட்டால் உடம்பு சூடாம்.

பாஸ்போர்ட்டுக்குப் படம் எடுத்தாயிற்று. ஒரு பிரதி இந்தக் கவரில் இருக்கிறது. கொஞ்சம் இளைத்தாற்போல் தெரியும். ஸ்டூடியோக்காரர் போட்ட விளக்கு அப்படி. அதைப் பார்த்துவிட்டுப் பயந்து எழுதாதீர்கள்.

உங்கள்
பாமா


ஆஹென்
30-11-1975

பிரியமுள்ள பாமாவுக்கு, மௌலி எழுதுவது. நலம். அம்மாவின் முட்டிவலி எப்படி இருக்கிறது என்று எழுதவே இல்லையே.

மன்னித்தேன். ஆனால் ஸ்டூடியோக்காரர் மேல் பழியைப் போடாதே. ஆகஸ்டில் நான் விமானம் ஏறும்போது இருந்த கன்னம் எங்கே போயிற்று? மோர் சாதத்தை நிறுத்தச் சொல்லி அம்மாவுக்குத் தனியாக ஒரு கடிதம் போடுகிறேன். படம் என் மேஜைமேல் இருக்கிறது. சோதனைச்சாலையில் பகலெல்லாம் பல்சக்கரங்களை ஓடவிட்டு எப்போது பல் உடையும் என்று காத்திருப்பதுதான் என் ஆராய்ச்சி. திரும்பி வந்தால் நீ மேஜையிலிருந்து, தூங்கிவிடாதே என்று முறைக்கிறாய்.

எங்கள் மாடியில் எட்டுப் பேருக்கு ஒரே சமையலறை. நானும் தேவசகாயமும் கூட்டுச் சமையல். பாளையங்கோட்டைக்காரர், உனக்கு நினைவிருக்கும். லீவில் வந்திருந்தபோது நம் கல்யாணத்துக்கு வந்து, பாயசத்தை மூன்று தடவை கேட்டு வாங்கிக் குடித்தவர். இருக்கிற ஒரே பெரிய தட்டில் சாதத்தைப் பிசைந்து இருவரும் சேர்ந்து சாப்பிடுகிறோம். கழுவுகிற முறை வந்தால் மட்டும் அவருக்குப் பரீட்சை வந்துவிடும்.

சென்ற வாரம் இங்கே ரத்ததான முகாம் நடந்தது. நாங்களும் போய்ப் படுத்துக் கொடுத்துவிட்டு வந்தோம். முடிந்ததும் காபியும் பன்றி இறைச்சி வைத்த ரொட்டியும் தந்தார்கள். காபியை நான் குடித்தேன். ரொட்டி இரண்டும் அவருக்குப் போயிற்று.

மார்ச்சில் குடும்பஸ்தர்களுக்கான அறை ஒன்று காலியாகிறது. எனக்கே தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். பாஸ்போர்ட் வந்ததும் எழுது. இந்தக் குளிரில் உன்னை நினைத்துக்கொண்டு நடக்கிறபோது பஸ்ஸை விட்டுவிடுகிறேன்.

உன்
மௌலி


திருச்சி
4-1-1976

அன்புள்ள உங்களுக்கு, நமஸ்காரம். அம்மாவின் முட்டிவலி தேவலை. நீங்கள் போட்ட கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் அப்பளம் பொரித்துப் போட்டார்.

பாஸ்போர்ட் வந்துவிட்டது. எக்ஸ்சேஞ்சில் வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டேன். சூப்பர்வைசர் கிரிஜா மேடம், "ஜெர்மனிக்கே லைன் போட்டுண்டு போறியா" என்று கேட்டு எல்லோரையும் சிரிக்கவைத்தார். வடாம் பிழிந்து காய்கிறது. மாடியில் காக்கை ஓட்டிக்கொண்டேதான் இதை எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் காக்கையைக் கேளுங்கள். நான் இப்போது நன்றாகத் தேறிவிட்டேன். கன்னத்தை நேரில் வந்து காட்டுகிறேன்.

மார்ச் வரப்போகிறது என்று நினைத்தாலே காலண்டரில் நாட்களை எண்ண ஆரம்பித்துவிடுகிறேன். சந்தோஷம்தான்.

உங்கள்
பாமா


ஆஹென்
9-2-1976

சௌபாக்கியவதி பாமாவுக்கு, சந்திரமௌலி ஆசீர்வாதம். நான் நலம். அம்மாவுக்கு என் நமஸ்காரத்தைத் தெரிவிக்கவும்.

எதிர்பார்த்த அறை கிடைக்கவில்லை. ஆராய்ச்சியிலும் வேலை அதிகமாகிவிட்டது. எனவே மார்ச்சில் நீ புறப்பட வேண்டாம். எப்போது என்று பிறகு எழுதுகிறேன். முடிந்தால் எக்ஸ்சேஞ்சில் கொடுத்த கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கொள்.

உடம்பை நன்றாகப் பார்த்துக்கொள். சாப்பாட்டில் கவனமாக இரு.

இப்படிக்கு
சந்திரமௌலி


திருச்சி
24-2-1976

அன்புள்ள உங்களுக்கு, நமஸ்காரம். இங்கே எல்லோரும் நலம். உங்கள் கடிதம் வந்தது. அது உங்கள் கடிதம்தானா என்று கையெழுத்தை இரண்டு தரம் பார்த்தேன். பிரியமுள்ள பாமா எப்போது சௌபாக்கியவதி பாமா ஆனாள்?

அறை கிடைக்காவிட்டால் என்ன? அந்தச் சமையலறையில் ஒரு மூலையில் பாயைப் போட்டுக்கொள்கிறேன். வேலைக் கடிதத்தைத் திரும்ப வாங்கிவிட்டேன். கிரிஜா மேடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காததுதான் கஷ்டமாக இருந்தது. அம்மா மட்டும் வடாம் டப்பாவை இறுக்கி மூடி வைத்துவிட்டு, "ஒரு வருஷமானாலும் கெட்டுப்போகாது" என்று சொன்னார்.

வேறு ஏதாவது இருந்தால் எழுதுங்கள். எதுவானாலும் தாங்கிக்கொள்வேன். ஒன்றும் எழுதாமல் மட்டும் இருக்காதீர்கள்.

பாமா


ஆஹென்
2-4-1976

அன்புள்ள தங்கச்சி பாமாவுக்கு, தேவசகாயம் எழுதிக்கொள்வது. கர்த்தர் கிருபையால் நான் சுகம். நீங்களும் அம்மாவும் சுகமாக இருக்க ஜெபிக்கிறேன். உங்கள் கல்யாணப் பத்திரிகையில் இருந்த விலாசத்தைப் பார்த்து எழுதுகிறேன். மௌலிக்கு இது தெரியாது.

புருஷன் பெஞ்சாதிக்கு நடுவில் நான் வரக் கூடாதுதான். ஆனாலும் யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை. மூன்று வருஷம் நாங்கள் ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள். பிப்ரவரியிலிருந்து மௌலி தனித்தட்டு வைத்திருக்கிறார். தனி டம்ளர், தனி ஸ்பூன். தானே கழுவி, துடைத்து, தன் அறைக்கு எடுத்துக்கொண்டு போய்விடுகிறார். ஒரு நாள் அந்த டம்ளரில் நான் காபியை ஊற்றினேன். பதறிப்போய் என் கையிலிருந்து பிடுங்கினார். சமையலறையில் நாலு பேர் இருந்தார்கள். எனக்கு மேலெல்லாம் கூசிவிட்டது.

நேராகவே கேட்டேன். "என்னவே, திடீர்னு ஐயரு ஆயிட்டீரா? நான் தொட்டா உமக்கு ஆகாதா?" என்றேன். டம்ளரைக் கழுவித் துடைத்தார். அப்புறம், "ஆமா, ஆசாரம்தான்னு வெச்சுக்குங்கோ" என்றார்.

தங்கச்சி, எங்கள் தாத்தா காலத்தில் ஊர்க் கிணற்றில் தண்ணீர் எடுக்க விடமாட்டார்கள். அந்தக் கதையையெல்லாம் மௌலியிடம் சொல்லியிருக்கிறேன். கேட்டு அழுத மனுஷன் அவர். அதனால்தான் இது பொறுக்க மாட்டேன் என்கிறது. ஊரிலிருந்து அவருக்கு யாராவது ஏதாவது எழுதினார்களா? தெரிந்தால் எழுதுங்கள்.

அன்புடன்
தேவசகாயம்


திருச்சி
18-4-1976

அன்புள்ள உங்களுக்கு, நமஸ்காரம். நாங்கள் நலம். நீங்கள் நலமில்லை என்று எனக்குத் தெரியும்.

தேவசகாயம் அண்ணா எனக்கு எழுதியிருக்கிறார். அவரைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். அந்தக் கடிதத்தை மூன்று முறை படித்துவிட்டு நான் சிரித்தேன், அப்புறம் அழுதேன். உங்களுக்கு ஆசாரமாம்.

கல்யாணத்தன்று நீங்கள் சாப்பிட்ட இலையில் என்னை உட்கார்த்தினார்கள். புருஷன் எச்சில் இலையில் பெண்டாட்டி சாப்பிட வேண்டும் என்று உங்கள் அத்தை கனகவல்லி நின்றுகொண்டு காவல் காத்தார். நான் பாதி சாப்பிடுவதற்குள் நீங்கள் திரும்பி வந்து, என் இலையிலிருந்து மைசூர்பாகை எடுத்து வாயில் போட்டுக்கொண்டீர்கள். பந்தியே பார்த்தது. அத்தை, "பெண்டாட்டி எச்சிலைத் திங்கறானே, இவன் உருப்படுவானா" என்று தலையில் அடித்துக்கொண்டார். நீங்கள் ஒன்றும் நடக்காதது போலக் கை கழுவப் போனீர்கள். உங்களைக் கல்யாணம் பண்ணிக்கொண்டது சரிதான் என்று நான் முடிவு செய்தது தாலி கட்டினபோது இல்லை, அப்போதுதான்.

அப்படிப்பட்ட மனுஷருக்கு ஆஹெனில் உட்கார்ந்துகொண்டு திடீரென்று ஆசாரம் வராது. தட்டைத் தனியாக வைப்பது, என்னை வராதே என்பது, சாப்பாட்டில் கவனமாக இரு என்பது, இந்த மூன்றும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன. உங்களுக்கு ஏதோ உடம்பு. அதுவும் ஒட்டுகிற உடம்பு. க்ஷயமா? அம்மாவுக்கு இன்னும் சொல்லவில்லை. எனக்குச் சொல்லுங்கள்.

அப்புறம் இன்னொன்று. எனக்கு எழுதிய கையோடு தேவசகாயம் அண்ணாவிடமும் சொல்லிவிடுங்கள். அவரை அப்படி நினைக்கவிட்டது தப்பு.

உங்கள்
பாமா


ஆஹென்
30-4-1976

பிரியமுள்ள பாமா,

க்ஷேம சமாசாரமெல்லாம் கடைசியில் எழுதுகிறேன். க்ஷயம் இல்லை.

நவம்பரில் ரத்தம் கொடுத்தேன் அல்லவா? பிப்ரவரி முதல் வாரத்தில் அவர்களிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. என் ரத்தத்தில் ஆஸ்திரேலியா ஆன்டிஜென் என்று ஒன்று இருக்கிறது, இனிமேல் ரத்தம் கொடுக்க வேண்டாம், ஒரு டாக்டரைப் பார்க்கவும் என்று இருந்தது. பெயரைப் பார்த்துப் பயப்படாதே. அதை முதலில் பார்த்தது ஆஸ்திரேலியப் பழங்குடி ஒருவரின் ரத்தத்தில், அவ்வளவுதான். அது ஹெபடைடிஸ் பி என்கிற காமாலைக் கிருமியின் மேல்தோல். அது ரத்தத்தில் இருந்தால் கிருமி உள்ளே குடியிருக்கிறது என்று அர்த்தம்.

இங்கே டாக்டர் லிண்டெமான் என்று ஒரு அம்மாள் பார்க்கிறார். என் ஈரல் நன்றாக இருக்கிறதாம். நான் நோயாளி இல்லை, சுமக்கிறவன் என்கிறார். எனக்குக் காமாலை வந்த நினைவே இல்லை. குழந்தையில் வந்திருக்கலாம், எங்கிருந்து என்று யாராலும் சொல்ல முடியாது, யார் குற்றமும் இல்லை என்றார். ஆறு மாதத்துக்கு ஒரு தரம் பரிசோதனை. அது போவதற்கு மருந்து கிடையாது. சவர பிளேடும் பல் தேய்க்கும் பிரஷும் யாரோடும் பொதுவாக இருக்கக் கூடாது. தட்டு, டம்ளர் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. அது நானாகச் செய்துகொண்டது. நம் வீட்டில் தொற்று என்றால் முதலில் தட்டைத்தானே பிரிப்போம்.

அவர் அழுத்திச் சொன்னது ஒன்றுதான். இது ரத்தத்தின் வழியாகவும் புருஷன் மனைவி உறவின் வழியாகவும் போகும். "உங்கள் மனைவியைப் பரிசோதிக்காமல் அழைக்காதீர்கள்" என்றார். இதை உனக்கு எப்படி எழுதுவது? உன்னோடு இரண்டு மாதம் இருந்துவிட்டு வந்தவன் நான். ஒவ்வொரு நாளும் உன் படத்தைப் பார்த்து, இவளுக்கு என்ன செய்து வைத்திருக்கிறோமோ என்று பயந்தேன். எழுதாமலே இருந்தேன்.

தேவசகாயத்திடம் நோய் என்று சொன்னால் மாடியில் எட்டுப் பேருக்கும் தெரிந்துவிடும் என்று நினைத்தேன். ஆசாரம் என்றால் அவர் ஒருவருக்குத்தான் வலிக்கும். இப்படித் தராசு பிடித்தவன் நான். எனக்கே என்னைப் பிடிக்கவில்லை.

வேலூர் ஆஸ்பத்திரியில் இந்தப் பரிசோதனை செய்கிறார்களாம். போய் ரத்தம் கொடுத்து, முடிவை அப்படியே எழுது. எதுவாக இருந்தாலும், என்னோடு வந்து இருப்பதற்கு உனக்குப் பயமாக இருந்தால் சொல்லிவிடு. அம்மாவிடம் நான் பேசிக்கொள்கிறேன். உன்மேல் ஒரு சொல் விழாது.

க்ஷேமம் இவ்வளவுதான்.

மௌலி


திருச்சி
22-6-1976

அன்புள்ள உங்களுக்கு, நமஸ்காரம். தாமதத்துக்கு என் மேல் குற்றம் இல்லை. வேலூரில் முடிவு வர மூன்று வாரமாயிற்று. அம்மாவும் கூட வந்தார். எல்லாம் சொல்லிவிட்டேன். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தார்.

தாளில் இரண்டு வரிதான் இருக்கிறது. அப்படியே தமிழில் எழுதுகிறேன். ஆஸ்திரேலியா ஆன்டிஜென்: இல்லை. அதற்குக் கீழே, அதன் ஆன்டிபாடி: உண்டு. இன்னொரு தரம் வந்து டாக்டரைப் பார்க்கச் சொன்னார்கள். எதற்கு? இரண்டு லைனில் ஒன்றில் குரல் கேட்டாலே போதும், கால் கிடைத்துவிட்டது என்றுதான் எங்கள் எக்ஸ்சேஞ்சில் எழுதுவோம். எனக்கும் வந்துவிட்டது.

நான் ஒரு நாள்தான் அழுதேன். மறுநாள் யோசித்துப் பார்த்தால் ஒரு விதத்தில் நிம்மதியாகக்கூட இருக்கிறது. இனிமேல் எனக்கு ஒட்டிவிடும் என்று நீங்கள் பயப்பட முடியாது. என்னைத் தள்ளிவைக்கக் காரணமும் இல்லை. பயமாக இருந்தால் சொல் என்று கேட்டீர்கள். இல்லாமல் என்ன, இருக்கிறது. அந்தப் பயத்தோடு இங்கே இருப்பதைவிட அங்கே வந்து இருக்கிறேன்.

நீங்கள் உங்களையே திட்டிக்கொள்ளக் கூடாது. இது என் உத்தரவு.

உங்கள்
பாமா


ஆஹென்
19-7-1976

பிரியமுள்ள பாமா, மௌலி எழுதுவது. அம்மாவுக்கு நமஸ்காரம். நான் நலம், இன்றைக்கு உண்மையிலேயே நலம்.

உன் கடிதம் வந்தபோது டாக்டர் அம்மாள் விடுமுறையில் போயிருந்தார். அவர் திரும்பி வருகிறவரைக்கும் நான் பட்ட பாட்டை எழுத மாட்டேன். உத்தரவை மீறினதாக ஆகிவிடும். நேற்று அந்த இரண்டு வரியையும் ஜெர்மனில் எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். படித்துவிட்டு என் தோளைத் தட்டினார்.

பாமா, உனக்கு இல்லை. மேல் வரிதான் கிருமி. அது உன்னிடம் இல்லை. கீழ்வரி, அந்தக் கிருமியை எதிர்த்து உன் உடம்பே உண்டாக்கிக்கொண்ட காவல். உன் இடது தோளில் அம்மை குத்தின தழும்பு இருக்கிறதே, அதைப் பார்த்து உனக்கு அம்மை என்று யாராவது சொல்வார்களா? இனி அம்மை வராது என்றுதானே சொல்வார்கள்? இதுவும் அதைப் போல ரத்தத்தில் ஒரு தழும்பு. கிருமி வந்தது, உன் உடம்பு அதை விரட்டிவிட்டது, இனி அது உன்னிடம் வர முடியாது. எத்தனை வருஷம் என்னோடு இருந்தாலும் வராது. உங்கள் எக்ஸ்சேஞ்ச் பாடம் இதற்குப் பொருந்தாதம்மா.

வெளியே வந்து தேவசகாயத்தைத் தேடிக்கொண்டு ஓடினேன். அவரிடம் மே மாதமே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அன்றைக்கு அவர் சொன்னதை உனக்கு எழுதாமல் வைத்திருந்தேன். "நோயின்னு சொல்லியிருந்தா ரெண்டு நாள் பயந்திருப்பேன்வே. ஆசாரம்னு சொன்னீரே, மூணு மாசம் என்னை நானே மோந்து பார்த்துக்கிட்டுத் திரிஞ்சேன்" என்றார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அதற்குப் பிறகும் பல நாள் ஒட்டாமல்தான் பேசினார். நேற்று உன் முடிவைச் சொன்னதும், அலமாரியிலிருந்து பழைய பெரிய தட்டை எடுத்து அவரே கழுவினார். மூன்று வருஷத்தில் முறை இல்லாத நாளில் அவர் தட்டுக் கழுவியது இதுதான் முதல் தடவை.

ஒரு விஷயம் மிச்சம் இருக்கிறது. டாக்டர் அம்மாள், உங்கள் மனைவிக்கு எப்போது காமாலை வந்தது என்று கேட்டார். வரவே இல்லை என்றேன். "சிலருக்குத் தெரியாமலே வந்து போகும். எதற்கும் அவளைக் கேட்டுப் பாருங்கள். இந்த வரிக்கு மறைக்கத் தெரியாது" என்றார். மேஜைமேல் இருக்கிற உன் படத்தை ராத்திரி கையில் எடுத்துப் பார்த்தேன். கேட்கிறேன், பாமா. எப்போது?

உன்
மௌலி


திருச்சி
2-8-1976

அன்புள்ள உங்களுக்கு, பாமா அநேக நமஸ்காரம். அம்மா சௌக்கியம். உங்கள் கடிதத்தை அவருக்கு வாசித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு, "அந்த டாக்டர் பொம்மனாட்டி கெட்டிக்காரி" என்றார்.

போன செப்டம்பரில். நீங்கள் போய் ஒரு மாதத்தில் வாந்தி. அம்மா வேறு விதமாக நினைத்துக்கொண்டு சந்தோஷப்பட்டார். நாலாம் நாள் கண் மஞ்சளாகிவிட்டது. கீழாநெல்லியை அரைத்து மோரில் கொடுத்தார். மூன்று வாரம் எழுந்திருக்கவில்லை. வத்சலா பிரசவ லீவில் போனது நிஜம்தான். ஆனால் அவள் போர்டைப் பார்த்துக்கொள்ள நானும் அங்கே இல்லை. படம் எடுத்த அன்றைக்கும் கண்ணில் மஞ்சள் இருந்தது. கறுப்பு வெள்ளைப் படமாக இருந்ததால் நீங்கள் கண்டுபிடிக்கவில்லை.

"தனியா இருக்கான், எழுதி அவனை ஏன் கலங்க அடிக்கணும்" என்றார் அம்மா. எனக்கும் அது சரியென்று பட்டது. ஏப்ரல் கடைசியில் நீங்கள் எழுதிய கடிதத்தைப் படித்தபோதே எங்கிருந்து வந்தது என்று புரிந்துவிட்டது. அப்போதும் சொல்லவில்லை. சொன்னால் நீங்கள் சாப்பிடமாட்டீர்கள், தூங்கமாட்டீர்கள். நீங்கள் என்னைக் காப்பாற்றுகிறேன் என்று ஒன்றும் எழுதாமல் இருந்தீர்கள். நானும் அதையேதான் செய்தேன். நம் இரண்டு பேரில் யாராவது ஒருவர் முதலிலேயே வாயைத் திறந்திருந்தால் மார்ச்சிலேயே நான் அங்கே இருந்திருப்பேன். தேவசகாயம் அண்ணாவும் அத்தனை நாள் கஷ்டப்பட்டிருக்க மாட்டார். அதை நினைத்தால்தான் மனசு ஆறவில்லை.

காமாலை உங்களிடமிருந்து வந்தது என்று வருத்தப்பட்டு ஒரு வரிகூட எழுதாதீர்கள். எல்லோரும் பெண்டாட்டிக்குப் பட்டுப்புடவை எடுத்துக் கொடுப்பார்கள். நீங்கள் ரத்தத்தில் இந்தக் காவலைக் கொடுத்தீர்கள். புடவை ஒரு நாள் நைந்துபோகும், இது நையாது.

வேலையை இன்னொரு தரம் விட்டாயிற்று. இந்தத் தடவை கிரிஜா மேடம் என்னைக் கட்டிக்கொண்டார். வடாம் டப்பாவைத் திறந்து பார்த்தோம், கெடவில்லை. செப்டம்பர் பதினொன்றாம் தேதி ஃப்ராங்க்ஃபர்ட்டில் இறங்குகிறேன். கம்பளிக் கோட்டு ஒன்று இரவல் வாங்கிக்கொண்டு வாருங்கள்.

பாத்திரம் என்று ஒரே ஒரு தட்டுதான் கொண்டுவருகிறேன். அங்கே இருக்கிற உங்கள் தனித்தட்டை நான் வருவதற்குள் யாருக்காவது கொடுத்துவிடுங்கள். முதல் நாள் நான்தான் முதலில் உட்காருவேன். நீங்கள் நின்று பரிமாறுங்கள். நான் சாப்பிட்டு முடித்த பிறகு அதே தட்டில் நீங்கள் சாப்பிடலாம். மைசூர்பாகு மிச்சம் வைக்கிறேன்.

உங்கள்
பாமா